அரிசிச் சோறு யாருக்கு?

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. அங்கிருந்து ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, ஆப்பிரிக்காவின் கிழக்குக் கடலில் கிடக்கும் சான்சிபார் தீவில் அதனால் உலை வைப்பதே பெரும்பாடாயிற்று. தீவின் நல்ல நிலமெல்லாம் கிராம்புத் தோப்பு. சாப்பாட்டு அரிசி பர்மாவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. கப்பல் நின்றதும் பிரிட்டிஷ் நிர்வாகம் ரேஷன் போட்டது. அதையும் இனம் பார்த்துப் போட்டது. இந்தியருக்கும் அராபியருக்கும் அரிசி. ஆப்பிரிக்கர் என்று பதிவானவர்களுக்கு மக்காச்சோள மாவு. தலைமுறை தலைமுறையாகத் தேங்காய்ப்பால் சோறு சாப்பிட்டு வந்த தீவுக்காரர்கள், எந்த இனத்தின் பட்டியலில் பெயர் இருந்தால் அரிசி கிடைக்கும் என்று கணக்குப் போட வேண்டியதாயிற்று. பாரசீகத்து ஷிராஸிலிருந்து வந்தவர்களின் வழி என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் ஷிராஸி மக்களுக்கு இது நெடுநாள் ஆறாத மனக்குறை.

வெள்ளைக்கார அதிகாரிகளின் கோணல் புத்தி என்று இதை ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் தட்டில் இருக்கும் தானியத்தைப் பார்த்து ஆளை எடைபோடும் வழக்கத்தை அவர்கள் கப்பலேற்றிக் கொண்டுவரவில்லை. சுவாஹிலிக் கரையில் அது ஏற்கெனவே பல நூற்றாண்டுப் பழக்கம்.

சோமாலியாவின் தெற்கில் தொடங்கி கென்யா, தான்சானியா வழியாக மொசாம்பிக்கின் வடக்கு வரை நீளும் கடலோரமும் அதை ஒட்டிய லாமு, பெம்பா, சான்சிபார், கில்வா போன்ற தீவுகளும் சேர்ந்ததுதான் சுவாஹிலிக் கரை. அதன் சமையலைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: பிலாவ் அராபியர் கொடுத்தது, சப்பாத்தி இந்தியர் கொடுத்தது, மிளகாய் போர்த்துக்கீசியர் கொடுத்தது. பட்டியல் தப்பில்லை. ஆனால் இதை நம்பினால், வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பொட்டலத்தை ஓர் ஆளில்லாத அடுப்படியில் இறக்கிவிட்டுப் போனதுபோல ஆகிவிடும். அடுப்படியில் ஆள் இருந்தது. அந்த ஆளிடம் ஏற்கெனவே கம்பும் சோளமும் தட்டைப்பயறும் மீனும் இருந்தன.

பெம்பா தீவின் வடக்கில் தும்பே, சுவாக்கா என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பழைய ஊர்களின் இடிபாடுகள் இருக்கின்றன. தும்பே ஏறக்குறைய 7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை இருந்த ஊர். அது கைவிடப்பட்ட பிறகு 11ஆம் நூற்றாண்டில் சுவாக்கா எழுந்தது. இரண்டு இடங்களிலும் தோண்டிய மண்ணைத் தொல்லியல் ஆய்வாளர்கள் தண்ணீரில் கரைத்தார்கள். மண் அடியில் தங்கிவிடும். என்றோ அடுப்பில் தவறி விழுந்து கரிந்துபோன தானியமணி மேலே மிதக்கும். அதை மெல்லிய சல்லடையில் வடித்து, உலர்த்தி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். தும்பேயின் அடுப்புச் சாம்பலில் மிகுதியாகக் கிடைத்தது கம்பு. சுவாக்காவில் நெல் மேலே வந்துவிட்டது. ஒரே தீவு, ஒரே மண், நடுவே சில தலைமுறை இடைவெளி. அதற்குள் கம்புக்காரர்கள் நெல்லுக்காரர்களாகிவிட்டார்கள்.

மழை மாறியதாலோ மண் மாறியதாலோ அல்ல இது. அந்தக் காலத்தில்தான் பள்ளிவாசல்கள் பெருகின, கடல் வணிகம் கொழுத்தது, ஊருக்கு ஊர் பெரிய மனிதர்கள் உருவானார்கள். மண்பாண்டங்களிலும் அந்த மாற்றம் தெரிகிறது. முன்பு கழுத்து குறுகிய சமையல் பானைகளே அதிகம். 11ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு வாய் அகன்ற கிண்ணங்கள் கூடுகின்றன. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கைவிட்டுச் சாப்பிடும் பாத்திரம் அது. விருந்து வைப்பவனுக்குத்தான் ஊரில் மதிப்பு, விருந்தென்றால் அரிசி. சீனாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வந்த மெருகுக் கிண்ணங்களை இந்த மக்கள் வீட்டுச் சுவர் மாடங்களில் அடுக்கினார்கள், பள்ளிவாசலில் மிஹ்ராப் என்னும் தொழுகைத் திசை மாடத்தைச் சுற்றிப் பதித்தார்கள், கல்லறைத் தூண்களிலும் பதித்தார்கள். சோறு பரிமாறும் பாத்திரத்தைச் சமாதியில் பதித்துக்கொண்ட ஊரில் சாப்பாட்டின் அந்தஸ்து என்னவென்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மீனிலும் இதே மாற்றம் உண்டு. கடலோரத்தில் இருந்ததாலேயே சுவாஹிலி மக்கள் ஆதியிலிருந்து ஆழ்கடல் மீனவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. தொடக்க நூற்றாண்டுகளின் குப்பைமேடுகளில் கிடைப்பவை கரையை ஒட்டிய பவளத்திட்டு மீன்களின் எலும்புகள். பாரைத் தாண்டிய வெளிக்கடல் மீன்களும் சுறாவும் கி.பி. 1000ஐ ஒட்டித்தான் கூடுகின்றன.

எழுதப்பட்ட சான்றுகளில் மிகப் பழையது பெரிப்ளஸ். முசிறியைப் பற்றிச் சொல்வதால் தமிழ்நாட்டில் பெயர்பெற்ற அதே கிரேக்க நூல்தான். கி.பி. முதல் நூற்றாண்டில் இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து ஆப்பிரிக்கக் கொம்பின் துறைமுகங்களுக்கு அரிசி, கோதுமை, நெய், நல்லெண்ணெய், கரும்புத்தேன் எல்லாம் போயின என்று அது எழுதிவைத்திருக்கிறது. ஆனால் கப்பலில் வந்த மூட்டை வேறு, ஊரார் உலையில் கொதித்தது வேறு. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கடலில் பயணம் செய்த அராபிய எழுத்தாளர் அல்-மசூதி, சஞ்ச் என்று அராபியர் அழைத்த இந்தக் கரை மக்களின் சாப்பாடு சோளமும் மண்ணிலிருந்து தோண்டும் ஒரு கிழங்கும் வாழைப்பழமும் தேனும் இறைச்சியும் என்கிறார். தீவுகளில் தென்னை மிகுதி என்பதையும் சொல்கிறார்.

அந்தத் தென்னையும் வந்த மரம்தான். மடகாஸ்கர், கொமோரோ பக்கத்துத் தென்னைகளின் மரபணுவில் இந்தியப் பெருங்கடல் வகையோடு பசிபிக் வகையும் கலந்திருப்பதாக 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. தென்கிழக்காசியாவிலிருந்து கடல் தாண்டி மடகாஸ்கரில் குடியேறியவர்கள் தேங்காயோடு வந்திருக்கிறார்கள். வாழையும் தென்கிழக்காசியாவின் பயிரே. ஆக, அராபியர் பிலாவ் கொண்டுவந்தார்கள் என்ற கதை தொடங்குவதற்கு வெகுமுன்பே அடுப்படிக்குள் ஆசியா நுழைந்துவிட்டது.

இந்தக் கரையின் சாப்பாட்டை நாக்கில் எச்சில் ஊற எழுதிய முதல் ஆள் இப்னு பதூதா. 1331இல் மொகடிஷுவில் இறங்கிய அவருக்கு அந்த ஊர் ஷேக் மூன்று நாள் விருந்து வைத்தார். தினம் மூன்று வேளை. நெய் விட்டுச் சமைத்த சோற்றைப் பெரிய மரத்தட்டில் கொட்டி, அதன்மேல் கோழி, இறைச்சி, மீன், காய்கறி என்று குழம்பு வகைகளை வைத்துக் கொண்டுவந்தார்கள். பாலில் வேகவைத்த வாழைக்காய் ஒரு கிண்ணம். கெட்டித் தயிர் இன்னொரு கிண்ணம். அதற்குத் தொட்டுக்கொள்ள எலுமிச்சை ஊறுகாய், உப்பிலும் காடியிலும் ஊறிய மிளகுக் கொத்து, பச்சை இஞ்சி, மாங்காய். ஒரு வாய் சோறு, பின்னாலேயே ஒரு கடி ஊறுகாய் என்று அவர்கள் சாப்பிட்டதைப் பதூதா கவனித்து எழுதுகிறார். மிளகாய் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்க இன்னும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. காரம் வேண்டுமென்றால் மிளகுதான். அந்த ஊர்க்காரர் ஒருவர் சாப்பிடுவதை எங்களில் ஒரு கூட்டமே சாப்பிடலாம் என்றும், அதற்கேற்ற உடம்பு அவர்களுக்கு என்றும் ஒரு குத்தல். சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதியிருக்கிறார், பரவாயில்லை.

தெற்கே மொம்பாசாவில் அவர் கண்டது வேறு மாதிரி. அந்தத் தீவில் தானியம் விளையவில்லை, எதிர்க்கரையிலிருந்து வந்தது. மக்களின் சாப்பாடு பெரும்பாலும் வாழையும் மீனும். நாவற்பழத்தையும் அங்கே பார்த்திருக்கிறார். பார்வைக்கு ஆலிவ் மாதிரி, ஆனால் நல்ல இனிப்பு என்கிறார். மொகடிஷுவின் ஷேக் வீட்டுத் தட்டையும் மொம்பாசாவின் சாதாரண வீட்டுத் தட்டையும் பக்கத்தில் வைத்தால், அரிசியின் இடம் எது என்று தெரியும்.

யார் சமைத்தார்கள் என்ற கேள்விக்கு எழுத்துச் சான்றுகள் பதில் சொல்வதில்லை. பயணிகள் பரிமாறிய தட்டைப் பார்த்தார்களே தவிர, அடுப்படிக்குள் போனதில்லை. பதில் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 2023இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று, மந்தா, ஃபாசா, ம்த்வாபா, கில்வா, சோங்கோ ம்னாரா முதலிய ஊர்களின் கல்லறைகளில் கிடைத்த, பெரும்பாலும் 1250க்கும் 1800க்கும் இடையில் வாழ்ந்த 80 பேரின் மரபணுவைப் படித்தது. ஏறக்குறைய கி.பி. 1000 வாக்கில் ஆப்பிரிக்கரும் ஆசியரும் கலந்திருக்கிறார்கள். தகப்பன் வழியில் பெரும்பாலும் பாரசீகத்து ஆண்கள், கூடவே கொஞ்சம் இந்தியக் கலப்பு. தாய் வழி ஏறக்குறைய முழுக்க ஆப்பிரிக்கப் பெண்கள். வம்சப் பெருமை பேசும் வீடுகளில் ஷிராஸின் பெயர் தகப்பன் வழியாக இறங்கியது. அடுப்பு யார் கையில் இருந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். பாரசீகத்துக்காரனுக்கு அவன் ஊர் அரிசியும் நெய்யும் நினைவிலிருந்திருக்கலாம். அதைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்துக் கொடுத்தது உள்ளூர் கை.

'வாலி வா நாசி' என்னும் தேங்காய்ப்பால் சோறு இன்றும் அந்தக் கரையின் அன்றாடச் சோறு. அதன் செய்முறையில் அவசரத்துக்கு இடமில்லை. 'ம்புசி' என்பது மடக்குக்கால் வைத்த தாழ்வான பலகை. அதன் முனையில் பல் வெட்டிய இரும்பு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதில் குறுக்காக உட்கார்ந்து தேங்காய் மூடியை இரண்டு கையாலும் திருகித் துருவுவார்கள். துருவலில் வெந்நீர் விட்டுப் பிசைந்து, ஓலையில் நீளமாகப் பின்னிய 'கிஃபும்பு' என்ற பையில் இட்டு முறுக்கினால் பால் இறங்கும். முதல் பால் கெட்டி. அதைத் தனியே எடுத்து வைப்பார்கள். இரண்டாம், மூன்றாம் பால் தண்ணியாக இருக்கும். அரிசியை உப்புப் போட்டு இந்தத் தண்ணிப் பாலில் வேகவிட்டு, பால் சுண்டும் தறுவாயில் கெட்டிப் பாலை ஊற்றிக் கிளறி மூடுவார்கள். பிறகு அடுப்பில் இருக்கும் கரிக்கங்கில் பாதியை வாரி மூடியின்மேல் பரப்பிவிடுவார்கள். மேலும் கீழும் சூடு ஏறி, சோறு பொலபொலவென்று உதிரியாக நிற்கும். கங்கை அளவாகப் போடத் தெரிந்திருக்க வேண்டும். கூடினால் மேல்பரப்பு காய்ந்துவிடும், குறைந்தால் குழையும். கிளற ம்விகோ என்ற மரக்கரண்டி, மொள்ள கொட்டாங்கச்சியில் காம்பு செருகிய அகப்பை.

லாமுவின் பழைய பவளக்கல் வீடுகளில் இந்த அடுப்படி பெரும்பாலும் மாடிக்கு மேலே, தென்னங்கீற்றுக் கூரையின் கீழ் இருந்தது. புகையும் வாசனையும் மேலோடு போய்விடும். கீழே வெள்ளைச் சுண்ணப்பூச்சும் மாடங்களில் சீனத்துக் கிண்ணமுமாக வீடு பளிச்சென்று இருக்கும். தண்ணீரையும் விறகையும் அத்தனை படி ஏற்றிச் சுமந்தவர்கள் வீட்டுக்காரர்கள் அல்ல, அடிமைகள்.

போர்த்துக்கீசியர் வருகையைக் கொஞ்சம் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1498 ஏப்ரலில் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் மொம்பாசாவுக்கு வெளியே நின்றபோது, அந்த ஊர் அரசர் ஓர் ஆட்டையும் ஏராளமான ஆரஞ்சு, எலுமிச்சை, கரும்பையும் அனுப்பிவைத்தார். மாலுமிகளுக்கு இந்தப் பழங்கள் அமிர்தம். அடுத்து மாலிந்தியில் இந்திய வணிகர்களின் கப்பல்கள் நின்றிருந்தன. அவர்கள் மாட்டிறைச்சி உண்பதில்லை என்பதைக் காமாவின் கப்பலில் இருந்தவர் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார், எழுதிக்கொண்டு அவர்களைக் கிறிஸ்தவர்கள் என்றும் முடிவுகட்டினார்! அடுத்த இருநூறு ஆண்டில் மொம்பாசாவில் ஒரு பெரிய கோட்டை, பல ஊர்களில் கொள்ளை, தீவைப்பு. சமையல் பக்குவம் என்று அவர்கள் விட்டுப்போனது சொற்பம். ஆனால் அமெரிக்கக் கண்டத்திலிருந்து அவர்கள் வழியாக வந்த மரவள்ளி, மக்காச்சோளம், மிளகாய், தக்காளி, முந்திரி எல்லாம் மண்ணில் ஊன்றிவிட்டன. இவற்றில் மரவள்ளிதான் இந்தக் கரையின் சமூகத்தை இரண்டாகப் பிளக்கும் பயிராக ஆகப்போகிறது.

1698இல் மொம்பாசாக் கோட்டை ஓமானியர் கைக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரரின் இந்தியப் பெருங்கடல் தீவுகளிலிருந்து கிராம்புக் கன்று சான்சிபாருக்கு வந்தது. ஓமான் சுல்தான் சயீத் அதில் காசைப் பார்த்துவிட்டார். 1840 வாக்கில் மஸ்கட்டை விட்டு சான்சிபாரிலேயே தலைநகரை அமைத்துக்கொண்டார். ஒரு தென்னைக்கு மூன்று கிராம்பு நட வேண்டும், நடாதவன் நிலம் பறிபோகும் என்று அவர் ஆணையிட்டதாகச் சொல்வார்கள். சில பத்தாண்டுகளில் உலகக் கிராம்பில் பெரும்பகுதி சான்சிபாரிலும் பெம்பாவிலும் விளைந்தது. உண்பதற்கு விளைந்த நிலம் விற்பதற்கு விளையும் நிலமானது. அரிசியைக் கப்பலில் இறக்கத் தொடங்கிய கதை இங்கேதான்.

கிராம்பு பறித்தவர்கள் உள்நாட்டிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். தோட்டத்தில் அவர்களுக்கு ஒரு துண்டு நிலம் விடுவார்கள். வாரத்தில் வழக்கமாக வியாழனும் வெள்ளியும் அவர்கள் அதில் சொந்தமாக உழைத்துக்கொள்ளலாம். அதில் ஊன்றியது மரவள்ளி. கவனிப்பு குறைவு, மழை பொய்த்தாலும் தாங்கும், வேண்டும்போது தோண்டிக்கொள்ளலாம். கிழங்கை வேகவைத்தோ, உலர்த்தி இடித்து மாவாக்கியோ சாப்பிட்டார்கள், இலையையும் விடவில்லை. மரவள்ளி இளந்தழையை உரலில் இடித்துத் தேங்காய்ப் பாலில் வேகவைக்கும் 'கிசாம்வு' இன்றைக்கு எல்லோர் வீட்டிலும் மணக்கிறது.

எதிர்ப்புறம் அரண்மனை. சயீதின் மகள் சல்மா 1844இல் பெத் அல் ம்தோனி அரண்மனையில் பிறந்தார். ஜெர்மன் வணிகர் ஒருவரைக் காதலித்து 1866இல் தீவைவிட்டு வெளியேறி, எமிலி ரூட்டே என்ற பெயரில் 1886இல் தம் நினைவுகளை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். ஓர் அராபிய இளவரசியே எழுதியது என்பதால் அன்று பரபரப்பு. இன்று படிக்கும்போது அதன் அடுப்படிப் பகுதிகள்தான் சுவையாக இருக்கின்றன. இரண்டு ஆட்கள் சேர்ந்து தூக்கி வரும் அளவுக்குப் பெரிய மீன், கூடை கூடையாகச் சின்ன மீன், டஜன் கணக்கில் கோழி, மூட்டையாக மாவும் அரிசியும் சர்க்கரையும், சொகோத்ரா தீவிலிருந்து பெரிய ஜாடிகளில் உருக்கிய நெய், சுமைகாரர்கள் வரிசையாகத் தலையில் ஏற்றி வரும் பழம். சாப்பாடு தரையை ஒட்டிய நீண்ட தாழ்மேசையில். சுல்தான் தலைமாட்டில், மற்றவர்கள் தகுதிப்படி, வயதுப்படி.

பிலாவ் இந்த ஓமானியக் காலத்தில்தான் கரை முழுக்க விருந்தின் அடையாளமாக ஊன்றியது. சுவாஹிலி பிலாவில் மஞ்சள் கிடையாது. வெங்காயத்தைக் கருஞ்சிவப்பாகும் வரை வறுப்பதிலிருந்து வருவதே அதன் தவிட்டு நிறம். சீரகம் தூக்கலாக, கூடவே ஏலம், பட்டை, மிளகு, நாலைந்து கிராம்பு. அதற்குமேல் கிராம்பு போட்டால் வாய் மரத்துவிடும். உலகத்துக்கே கிராம்பு விற்ற தீவின் சொந்தச் சமையலில் அதன் பங்கு அவ்வளவே. 20ஆம் நூற்றாண்டில் அந்தக் கிராம்பின் பெரிய வாடிக்கையாளர் எந்த நாட்டுச் சமையலறையும் அல்ல. கிராம்புத்தூள் கலந்த சிகரெட் பிடிக்கும் இந்தோனேசியா.

1872 ஏப்ரலில் அடித்த சூறாவளியில் சான்சிபார் தீவின் கிராம்பு மரங்களில் பெரும்பாலானவை சாய்ந்தன. பெம்பா தப்பியது, அன்றுமுதல் கிராம்பென்றால் பெம்பா. 1873இல் அடிமை வணிகம் தடைசெய்யப்பட்டது. 1897இல் சான்சிபாரில் அடிமை நிலைக்கே சட்ட ஆதரவு நீங்கியது. விடுதலை பெற்றவர்கள் ஓடைக்கு அப்பாலிருந்த ங்காம்போ பகுதியில் குவிந்தார்கள். அங்கே பெண்கள் பலருக்குச் சோறு போட்டது அடுப்பே. வாசலில் உட்கார்ந்து மீன் வறுத்தார்கள், மரவள்ளி சுட்டார்கள், 'விதும்புவா' ஊற்றினார்கள். ஊறவைத்த அரிசியைத் தேங்காய்ப் பாலும் ஏலமும் சேர்த்து அரைத்துப் புளிக்கவைத்து, குழிச்சட்டியில் எண்ணெய் விட்டு ஊற்றிக் குச்சியால் திருப்பும் பலகாரம் அது. செட்டிநாட்டுப் பெண்ணொருத்தி அந்தச் சட்டியைப் பார்த்தால் கேள்வி கேட்காமல் வாங்கி ஊற்ற ஆரம்பித்துவிடுவாள்.

எசமான் வீட்டு அடுப்படியில் வெந்தது, தெருவுக்கு வந்து காசுக்குக் கிடைக்கத் தொடங்கியது இப்படித்தான். சுவாஹிலிச் சாப்பாடு என்று இன்று பெயர் வாங்கியிருப்பதில் பாதி அந்தத் திண்ணைகளில் உருவானது என்பது என் கருத்து. அரண்மனைகள் விருந்துதான் கொடுக்கும். கடை போடும் பெண்கள்தான் ஒரு பண்டத்தை ஊர்ப் பொதுவாக்குவார்கள்.

லாமுவில் இன்னொரு வழி. கொமோரோவிலிருந்து வந்த ஹபீப் சாலிஹ் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரியாதா பள்ளிவாசலை அமைத்து, முன்னாள் அடிமைகளுக்கும் ஏழைகளுக்கும் மார்க்கக் கல்வியைத் திறந்துவிட்டார். பழைய குடும்பங்களுக்கு இது கசந்தது. அவர் வளர்த்த மீலாது விழாவுக்குக் கரை முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள், இன்றும் வருகிறார்கள். வந்த கூட்டத்துக்கு அண்டா அண்டாவாகச் சோறு. உட்காரும் இடத்தில் பேதம் கிடையாது. ஒரு சினியா, அதாவது பெரிய வட்டத் தாம்பாளம், அதைச் சுற்றி ஐந்தாறு பேர்.

குஜராத்தின் பாட்டியா, போரா, கோஜா வணிகர்கள் இங்கே பல தலைமுறையாக இருந்தவர்கள். 1896க்கும் 1901க்கும் இடையே மொம்பாசாவிலிருந்து ரயில் பாதை போட முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள், பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, கொண்டுவரப்பட்டார்கள். சப்பாத்தி இவர்கள் மூலம் கரையை விட்டு உள்நாட்டுக்கே ஏறிவிட்டது. அங்கே சப்பாத்தி என்பது எண்ணெய் தடவிச் சுருட்டித் தேய்த்த அடுக்கு ரொட்டி, நம் பரோட்டாவுக்குப் பக்கத்து உறவு. பிரியாணியும் உருமாறியது. மொம்பாசாவில் சோறு தனி, தயிரும் தக்காளியும் வறுத்த வெங்காயமும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கெட்டிக் குழம்பு தனி; தட்டில் வைக்கும்போதுதான் இரண்டும் சேரும். ஹைதராபாத்காரர் சண்டைக்கு வருவார், வரட்டும்.

துவரையின் பயணம் இதைவிட நீளம். இந்திய மண்ணில் பயிரான துவரை அங்கே உடைத்த பருப்பாக அல்லாமல் முழுசாக வெந்து, வெங்காயமும் தேங்காய்ப் பாலும் சேர்ந்து 'ம்பாஸி' ஆகிறது. தொட்டுக்கொள்ள 'மஹம்ரி': கோதுமை மாவைத் தேங்காய்ப் பாலில் பிசைந்து, ஏலம் தட்டிப்போட்டு, பொங்கவிட்டு, முக்கோணமாக வெட்டிப் பொரித்தது. எண்ணெயில் விழுந்ததும் உப்பி உள்ளே கூடாகிவிடும். மொம்பாசாவின் காலைப் பலகாரம் இது. சான்சிபாரின் 'உரோஜோ' இன்னொரு ரகம். மஞ்சள் நிறத்தில், மாங்காய் அல்லது புளியின் புளிப்பு ஏறிய, மாவு கரைத்த இளஞ்சாறு. அதில் பஜ்ஜி, உருளைக்கிழங்கு உருண்டை, மரவள்ளிச் சீவல், தேங்காய்ச் சட்னி, விருப்பப்பட்டால் கறித்துண்டு. இந்தியாவில் எந்த ஊரிலும் கிடைக்காத இந்தியப் பண்டம்.

1964 ஜனவரி 12 அன்று நடந்த புரட்சியில் சுல்தான் ஆட்சி கவிழ்ந்தது. அதன்பின் சமத்துவம் பேசி அதிபராக வந்த கரூமேயின் ஆட்சியில் இறக்குமதி அரிசி சுருங்கியது. 1970களின் தொடக்கத்தில் மறுபடியும் ரேஷன், மறுபடியும் மரவள்ளி. சொந்த விளைச்சலை உண்ணுங்கள் என்பது அரசின் வாதம். வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் மரவள்ளியைப் பார்த்ததும் தோட்டத்து அடிமைக் காலம் நினைவுக்கு வரும் மக்களிடம், பண்டிகை நாளில்கூட அதையே தின்னச் சொன்னால் எந்த வாதம் எடுபடும்? பெம்பாவில் அந்த ஆண்டுகளின் கசப்பு அரசியலாகவே தங்கிவிட்டது. 1980களில் வணிகக் கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகே அரிசி தாராளமாக வரத் தொடங்கியது.

அதன்பின் தட்டுகள் இடம் மாறின. நைரோபியின் நடுவில் 'சுவாஹிலி டிஷ்ஷஸ்' என்று பலகை மாட்டிய சாப்பாட்டுக் கடைகளில் வெள்ளிக்கிழமை மதியம் பிலாவுக்கும் பிரியாணிக்கும் கூட்டம் நெரிகிறது. வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் கடலோரத்துக்காரர்கள் அல்லர். சான்சிபாரின் ஃபொரோதானி பூங்காவில் இருட்டியதும் கரியடுப்புகள் வரிசையாகப் பற்றவைக்கப்படுகின்றன. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல் வெகுதூரம் உள்வாங்கும்போது பெண்கள் பாறைத்திட்டுகளில் குச்சியால் குத்தித் துழாவிப் பிடித்த சாக்குக்கணவாய், அடித்து மிருதுவாக்கப்பட்டு, அந்த அடுப்புகளுக்கு வருகிறது. 'சமாகி வா குபாக்கா'வும் அப்படித்தான்: இஞ்சி, பூண்டு, மிளகாய், எலுமிச்சை தடவிய மீனைக் கங்கில் பாதி வாட்டி, புளியும் மசாலாவும் சேர்த்துச் சுண்டவைத்த கெட்டித் தேங்காய்ப் பாலை அதன்மேல் பூசிப் பூசி மறுபடி வாட்டுவார்கள்.

அதே நேரத்தில், அரிசி வந்து கீழே தள்ளிய பழைய தானியங்களுக்கு ரமலானில் கிராக்கி. சோளமாவைப் பிசைந்து மண் தந்தூரின் உட்சுவரில் அறைந்து சுடும் 'ம்காத்தே வா மோஃபா' என்ற ரொட்டியை நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன் தேடி வாங்குகிறார்கள். மீன் குழம்போடு அதைச் சாப்பிட்டுவிட்டு, பக்கத்தில் 'ஃபுதாரி'யும் வைத்துக்கொள்வார்கள். தேங்காய்ப் பாலில் வெந்த வாழைக்காயும் மரவள்ளியும் வள்ளிக்கிழங்கும்தான் ஃபுதாரி. தோட்டத்து ஆட்களின் கிழங்கு இப்போது ஏலக்காய் மணத்தோடு பெரிய வீட்டுத் தாம்பாளத்துக்கும் போகிறது.